மண்டிக் கணக்கு எழுதும் கைக்கு ஒரு பட்டம்

வாசகியின் கேள்வி:

ஐயா, பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 37. 2006-ல் பிளஸ் டூ முடித்தேன். வீட்டுச் சூழ்நிலையால் கல்லூரிக்குப் போக முடியவில்லை. ஒன்பது ஆண்டுகளாகத் தக்காளி மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அதிகாலை ஐந்து மணிக்குப் போனால் பகல் பன்னிரண்டுக்குத் திரும்புவேன். பி.காம். படித்தால் ஓசூரில் ஏதாவது ஒரு கம்பெனியில் கணக்காளராகச் சேரலாம், அரசுத் தேர்வும் எழுதலாம் என்று ஆசை. இணையவழியில் வாங்கும் பட்டம் செல்லுபடியாகுமா? ஒரு நிறுவனத்திலிருந்து தினமும் போன் செய்து, 'ஒரே வருடத்தில் பி.காம். முடித்துத் தருகிறோம், பரீட்சைக்கு அலைய வேண்டாம், மாதத் தவணையில் கட்டலாம்' என்கிறார்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கும் அதுதான். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட என் தங்கையையும் ஏதாவது ஒரு பட்டத்தில் சேர்க்கலாமா? 'இந்த வயசுல படிச்சு என்ன கலெக்டர் ஆகப் போறியா' என்று மாமியார் கேட்கிறார். பதில் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

அந்தத் தொலைபேசி அழைப்பிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமானது அது ஒன்றுதான். மற்றவை பத்து நாள் பொறுக்கும். ஒரே ஆண்டில் பி.காம். முடித்துத் தர இந்த நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அதிகாரம் இல்லை. அப்படிச் சொல்கிறவர்கள் கடைசியில் கையில் கொடுப்பது, நீங்கள் சில ஆண்டுகளுக்கு முன்பே சேர்ந்து படித்ததாக முன்தேதியிட்ட ஒரு காகிதமாகத்தான் இருக்கும். அதை வேலைக்குக் காட்டினால் ஏமாந்தவர் என்ற நிலை மாறி, போலிச் சான்றிதழ் கொடுத்தவர் என்ற நிலைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் காவேரிப்பட்டணம் பக்கத்து இளைஞர் ஒருவர் அப்படியொரு சான்றிதழைப் பளபளப்பான பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் எடுத்து வந்தார். வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்கு நிறுவனம் அனுப்பியபோது, அந்தப் பதிவெண்ணே இல்லை என்று பதில் வந்திருக்கிறது. உறையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆண்டு மதிப்பெண் பட்டியல்களும் ஒரே நாளில் ஒரே அச்சில் அடித்தது போல, மடிப்புகூட இல்லாமல் இருந்தன. வேலை போனது; கட்டிய பணமும் திரும்பவில்லை.

மாதத் தவணை என்பதையும் கவனியுங்கள். வட்டியில்லாத் தவணை என்று சொல்லி ஆதாரையும் ஓ.டி.பி.யையும் வாங்கினால், பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் கடன் எழுதப்படுகிறது என்று பொருள். படிப்பை நீங்கள் பாதியில் விட்டாலும், சொன்ன வகுப்பை அவர்கள் நடத்தாமலே போனாலும், கடன் உங்கள் தலையில்தான் நிற்கும்; நாளைக்கு நகைக்கடனுக்கோ வீட்டுக்கடனுக்கோ போகும்போது அது குறுக்கே வரும். பல்கலைக்கழகங்கள் தங்கள் தொலைநிலை, இணையவழிப் படிப்புகளைத் தனியாருக்கு முகவர் உரிமையாகக் கொடுத்து நடத்தக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் விதி. ஆகவே கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில், பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மட்டுமே கட்டுங்கள். அடுத்த முறை போன் வந்தால் பேச வேண்டாம், துண்டித்துவிடுங்கள். ஓ.டி.பி. எதையும் சொல்லிவிடவில்லை என்றே நம்புகிறேன்.

இனி, செல்லுபடியாகுமா என்ற கேள்வி. செல்லும். தொலைநிலைக் கல்வி, இணையவழிக் கல்வி ஆகியவை பற்றிய யு.ஜி.சி.யின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் இந்த வழிகளில் வழங்கும் பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்கு இணையானது என்றே சொல்கின்றன. 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. இதை மறுபடியும் அறிவித்தது. ஆனால் அங்கீகாரம் என்பதை நம் மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'பெரிய யுனிவர்சிட்டிதானே' என்று பெயரைப் பார்த்துச் சேர்ந்துவிடுகிறார்கள். தொலைநிலைப் படிப்புக்கான அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை. எந்தப் படிப்பு, எந்த ஆண்டின் சேர்க்கை என்று பார்த்து யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தருகிறது. ஒரே பல்கலைக்கழகத்தில் பி.ஏ.வுக்கு அனுமதி இருந்து பி.காம்.முக்கு இல்லாமல் போகலாம். போன ஆண்டு இருந்தது இந்த ஆண்டு இல்லாமலும் போகலாம். டி.இ.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தப் பிரிவின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேரப்போகும் பருவத்துக்கான பக்கத்தைத் திறந்து, பல்கலைக்கழகத்தின் பெயருக்கு நேரே பி.காம். இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து ஆண்டு கழித்து வேலை கொடுப்பவர் சந்தேகம் கிளப்பினால், அந்த ஒற்றைத் தாள் வக்கீல் நோட்டீஸைவிடப் பலமாகப் பேசும்.

'ஆன்லைன் படிப்பு', 'கரஸ்' என்று நாம் மாற்றி மாற்றிச் சொன்னாலும் விதிகளில் இவை இரண்டும் வேறு வேறு. தொலைநிலைப் படிப்பில் பாடநூல் உங்களிடம் வரும், படிப்பு மையத்தில் சில நாள் நேரடி வகுப்பு நடக்கும், தேர்வு மையத்துக்குப் போய்ப் பேனாவால் எழுத வேண்டும். முழு இணையவழிப் படிப்பில் காணொலி, மின்பாடம், கலந்துரையாடல், சுயமதிப்பீடு எல்லாமே வலையில் நடக்கும். தேர்வைக்கூடச் சில பல்கலைக்கழகங்கள் வீட்டிலிருந்தபடியே கேமராக் கண்காணிப்பில் எழுதச் சொல்கின்றன. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தேர்வுக்கு கேமரா வைத்த கணினி, மூன்று மணி நேரம் அறுபடாத இணையம், வேறு யாரும் எட்டிப் பார்க்காத ஓர் அறை மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். தக்காளிக் கூடைகளும், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும், மழைக்கு முன்பே போய்விடும் மின்சாரமும் உள்ள வீட்டில் இதை நம்பிப் பணம் கட்டுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் கருத்து இதுதான்: பட்டத்தைத் தொலைநிலைப் படிப்பாக எடுங்கள், இணையத்தை டியூஷனாக வைத்துக்கொள்ளுங்கள். தருமபுரியில் ஒரு படிப்பு மையத்தில் பதினெட்டு ஆண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தவன் என்ற முறையில், நம் மாவட்டத்துப் பெண்கள் கரையேறியதை நான் பெரும்பாலும் இந்த வழியில்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கே சேர்வது என்று கேட்டால் இரண்டு இடங்களை முதலில் பாருங்கள் என்பேன். ஒன்று, 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ. மற்றொன்று, 2002-ல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். தருமபுரியில் அதற்கு மண்டல மையம் உண்டு. தமிழ்வழியில் படிக்க விரும்பினால் இரண்டாவதைப் பாருங்கள். சேருமுன் ஒன்றை மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்: பாடநூல் தமிழில் வருமா, அல்லது தேர்வை மட்டும் தமிழில் எழுதலாம் என்கிறார்களா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தேர்வுக்கு முந்தின வாரம்தான் பலருக்குத் தெரிகிறது. இக்னோவின் பாடநூல்கள் இ-ஞானகோஷ் என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி கிடக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன்பே முதல் பருவத்துக் கணக்குப்பதிவியல் நூலை எடுத்து நாற்பது பக்கம் படித்துப் பாருங்கள். ஓடுகிறதா, தடுக்கிறதா என்பது அந்த நாற்பது பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் வளர்ந்தவர்களின் படிப்பு பணத்தால் நிற்பதைவிட நேரத்தால் நிற்பதே அதிகம். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகால் கணக்கிடுகிறார்கள்; ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு என்பது இக்னோவின் கணக்கு. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்று வைத்தாலும் 3,600 மணி நேரம் ஆகிறது. அதை மூன்றே ஆண்டில் முடிக்க வாரம் 23 மணி நேரம் ஒதுக்க வேண்டும். உங்களால் முடியாது, முடியும் என்று நினைத்துத்தான் பலர் முதல் ஆண்டிலேயே நின்றுவிடுகிறார்கள். உங்கள் நாளை உங்கள் கடிதத்தை வைத்தே பார்ப்போம். பகல் பன்னிரண்டுக்கு வருகிறீர்கள். சமையல், சாப்பாடு, சிறிது தூக்கம் போக இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் நான்கு மணி வரை இரண்டு மணி நேரம் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அப்படி உட்கார்ந்தால் பத்து மணி நேரம், ஞாயிறு மேலும் இரண்டு. வாரம் 12 மணி நேரம் என்றால் ஆறு ஆண்டில் 3,700 மணி நேரத்துக்கு மேல் சேருகிறது. மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டு வரை நீட்டி முடிக்க இக்னோ இடம் தருகிறது. கணக்குப்பதிவியல் தாள்களுக்குப் பற்று வரவு தெரிந்த உங்களுக்குப் பாதி நேரம் போதும் என்பதால் ஐந்திலும் முடியலாம். ஆகவே 43 வயதில் பட்டம் என்று முதலிலேயே மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். படிக்காமல் இருந்தாலும் உங்களுக்கு 43 வயது வரத்தான் போகிறது.

கைப்பேசிக்கும் இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. உங்கள் மகன் பள்ளியிலிருந்து திரும்ப ஐந்து மணியாகும் என்று வைத்தால், அதுவரை அந்தப் போன் உங்களுடையதுதானே. மாலையில் அவனிடம் கொடுத்துவிடுங்கள். இதற்காக இப்போதே இன்னொன்று கடனில் வாங்க வேண்டாம். காணொலியின் தெளிவை 360-க்குக் குறைத்து வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்.பி. செலவாகும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் பதிவிறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பார்ப்பதே மேல். சித்தேரி மலையிலிருந்து ஒரு மாணவி என் வகுப்புக்கு வருவார். ஞாயிறன்று அரூரில் இறங்கியதும் பேருந்து நிலையத்தில் நின்று அந்த வாரத்துக் காணொலிகளை இறக்கிக்கொள்வார். வீட்டில் போனை வெறும் சொம்புக்குள் நிறுத்தி வைத்து, அது எழுப்பும் கனத்த ஒலியில் பாடம் கேட்டுக்கொண்டே புளி தட்டுவார். அவருடைய ஒப்படைப்புத் தாள்களில் புளிக்கறை இல்லாத பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. எல்லாத் தாளிலும் தேறினார்.

ஒப்படைப்பு என்று சொன்னேன். அசைன்மென்ட் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இக்னோவில் மொத்த மதிப்பெண்ணில் பொதுவாக 30 விழுக்காடு அதற்கு, 70 விழுக்காடு பருவத் தேர்வுக்கு. வீட்டில் உட்கார்ந்து நூலைப் பார்த்து எழுதக்கூடிய இந்த முப்பதைக் கெடு தவறவிட்டு இழக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அனுப்பியதற்கான ரசீதையோ ஒப்புகையையோ மதிப்பெண் பதிவாகும் வரை தூக்கி எறியாதீர்கள்.

இன்னொன்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் கை எழுத மறந்திருக்கும். மண்டியில் தினமும் எழுதுகிறேனே என்பீர்கள். நீங்கள் எழுதுவது பெயர், கூடை, கிலோ, ரூபாய்தான்; வாக்கியம் அல்ல. மூன்று மணி நேரம் இடைவிடாமல் வாக்கியமாக எழுதுவது வேறு வேலை. ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து நேராகத் தேர்வுக்கு வந்த ஒருவர், ஒரு மணி நேரம் எழுதியபின் பேனாவை வைத்துவிட்டு வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விடை தெரியும், விரல் மடங்கவில்லை. அடுத்த முறை அவர் மூன்று மாதம் நாளுக்கு நான்கு பக்கம் எழுதிப் பழகிவிட்டு வந்தார். நீங்களும் நாளை முதலே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் இரண்டு பக்கமாவது எழுதத் தொடங்குங்கள். என்ன எழுதினாலும் சரி, அன்றைய மண்டி விலையையே கட்டுரையாக எழுதினாலும் சரி.

வேலையைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பி.காம். பட்டம் மட்டும் ஓசூரில் வேலை வாங்கித் தராது. அங்கே அந்தப் பட்டத்தோடு வரிசையில் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர். உங்களிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது, தினமும் கைமாறும் ரொக்கத்தைப் பைசா பிசகாமல் ஒன்பது ஆண்டு கணக்கில் நிறுத்திய பழக்கம். ஆனால் அதில் ஒரு குறையும் உண்டு. புதிய காய்கறிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால், தக்காளி மண்டிக் கணக்கில் வரிப் பட்டியலும் மாதாந்திரக் கணக்குத் தாக்கலும் உங்கள் கண்ணிலேயே பட்டிருக்காது. நிறுவனம் முதலில் கேட்பது அதைத்தான். எனவே இரண்டாம் ஆண்டில் டேலி மென்பொருளையும் ஜி.எஸ்.டி. நடைமுறையையும் உள்ளூரில் ஒரு பயிற்சி மையத்திலேயே மூன்று நான்கு மாதம் கற்றுக்கொள்ளுங்கள். பட்டம் முடியும் வரை காத்திராமல் பாலக்கோட்டிலோ தருமபுரியிலோ ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் பிற்பகல் வேலை தேடலாம். அந்த அனுபவம் இருந்தால் ஓசூர் தூரமில்லை.

இலவசமாக வெள்ளோட்டம் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் பாடங்களைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி மையத்தில் போய்த் தேர்வு எழுதலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். வணிகவியல் சார்ந்த ஒரு எட்டு வாரப் பாடத்தை எடுத்துப் பாருங்கள். எட்டு வாரமும் விடாமல் உட்கார முடிந்தால் பட்டத்துக்குப் பணம் கட்டுங்கள். முடியாவிட்டால் ஒரு ரூபாயும் நட்டமில்லை. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டத்தைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். வயது வரம்பு இல்லை, ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், நடுவில் சான்றிதழோடோ டிப்ளமோவோடோ வெளியேறலாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது ஆங்கிலத்தில், கணிதத்தோடும் நிரலாக்கத்தோடும், வாராவாரம் கெடு வைத்து ஓடும் படிப்பு. பிளஸ் டூ முடித்ததும் உங்கள் மகன் அதை யோசிக்கட்டும்.

அரசுத் தேர்வுக்குப் பட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே அடிப்படைத் தகுதி. வயது வரம்பு உங்கள் பிரிவுக்கு எவ்வளவு என்று அறிவிக்கையில் பார்த்துக்கொண்டு அடுத்த தேர்வையே எழுதுங்கள். குரூப் 2-க்குத்தான் பட்டம் வேண்டும். தங்கையின் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன்பின் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்தைத் தமிழக அரசுப் பணிக்கு ஏற்பார்கள். இதற்கு 2009-லேயே அரசாணை உண்டு. பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகப் பட்டம் தருகிறோம் என்று யார் சொன்னாலும், உங்கள் தங்கைக்கு அது அரசு வேலை வாசலில் உதவாது. முதலில் தனித்தேர்வராகப் பிளஸ் டூ எழுதட்டும்.

மாமியாருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். வாதாடி வெல்லும் இடமல்ல அது. அவரிடமும் கணவரிடமும் இரண்டே இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: பகல் இரண்டு முதல் நான்கு வரை உங்களை யாரும் கூப்பிடாமல் இருப்பது, தேர்வு நாள்களில் காலைச் சமையலை வேறொருவர் பார்த்துக்கொள்வது. மண்டிக்காரரிடமும் தேர்வு அட்டவணை வந்த அன்றே விடுப்பைச் சொல்லிவிடுங்கள். இக்னோவில் பருவத் தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வருகின்றன. அவற்றில் உங்கள் மண்டிக்கு வரத்து அதிகமான மாதம் எது என்று உங்களுக்கே தெரியும், அந்தப் பருவத்தில் குறைவான தாள்களை எழுதுங்கள்.

சேர்க்கை ஆண்டுக்கு இரு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கும். அதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இப்போது தொலைநிலைப் படிப்பில் சேர, மாணவர் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கான ஏ.பி.சி.யின் எண்ணும், அதை வைத்து எடுக்கும் டி.இ.பி. எண்ணும் கட்டாயம். இவை ஆதாரில் உள்ள பெயரை எடுத்துக்கொள்கின்றன. உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் தந்தையின் தலைப்பெழுத்து இருக்கும்; திருமணத்துக்குப் பின் எடுத்த ஆதாரில் கணவரின் தலைப்பெழுத்தோ அவருடைய முழுப்பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கும். நம் பக்கத்தில் பாதிப் பெண்களின் விண்ணப்பம் இங்கேதான் மாட்டுகிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம் என்பதால் ஆதார் மையத்துக்கு அவசரமாக ஓடிவிடாதீர்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். எங்காவது ஓர் எழுத்து வேறுபட்டாலும் அதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள். எதை முதலில் திருத்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.